கூண்டைத் திறந்து விடச் சொல்றவங்களுக்கு

ஆணி அதிகம், அதனால எழுதி நாளாச்சு. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். ஆபீஸ்ல பெருமையா ஒரு போட்டோவைக் காட்டப் போய் வாங்கிக் கட்டிக்கிட்ட கடுப்புதான் ராத்திரி பன்னெண்டு மணிக்கு உக்கார வச்சிருக்கு.

போட்டோவுல பெருசா ஒண்ணும் இல்லை. காவாந்தண்டலத்துல எங்க அத்தை வீட்டுத் திண்ணை. அதுல ஒரு கூண்டு, நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். உள்ளே ஒரு பச்சைக்கிளி. இடது கால் பக்கவாட்டுல கோணிக்கிட்டு இருக்கு, வலது இறக்கை பாதி மொட்டை. ஒரு சாய்வுப் பலகையில அலகை ஊன்றி, நெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு மேலே ஏறிக்கிட்டு இருக்கு. அந்தக் கூண்டை நானும் ஒரு வெல்டிங் அண்ணனும் சேர்ந்து செஞ்சோம். பொட்டி தட்டுறவன் வாழ்க்கையில கையால செஞ்ச ஒரே உருப்படியான சாமான் அதுதான்கிறதால காட்டினேன்.

மூணு பதில் வந்துச்சு.

"ஐயோ பாவம்டா, திறந்து விட்டுடு. சுதந்திரமா போகட்டும்."

"இப்படிக் கஷ்டப்படுறதுக்கு ஒரு ஊசி போட்டுட்டா அதுக்கும் நிம்மதி."

"மச்சி, ஊனமா இருந்தா வீட்ல வச்சுக்கலாமா? கேஸ் வராதா? எங்க கிடைக்கும்?"

மூணாவது ஆளுக்குக் கடைசியில வர்றேன். ரெண்டாவது ஆளுக்குப் பதில் சின்னது. வலி தாங்க முடியாம, சாப்பிடாம, எந்த வைத்தியமும் இல்லாமக் கிடக்கிற உயிருக்கு அந்தப் பேச்சு. காலையில நாம எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே கொய்யாப்பழம் எங்கேன்னு கத்தி ஊரைக் கூட்டுற கிளிக்கு இல்லை. அதைப் பார்க்க நமக்குக் கஷ்டமா இருக்குங்கிறதும் அதுக்குக் கஷ்டமா இருக்குங்கிறதும் வேற வேற.

முதல் ஆளுக்குத்தான் நீளமா சொல்லணும். ஏன்னா அவர் நல்லவர்.

இந்தக் கிளிக்கு ஊனம் எப்படி வந்துச்சுன்னு முதல்ல பார்ப்போம். பிறவியில வரலை. இது செந்தார்ப் பைங்கிளி, நம்ம ஊர்ல பச்சைக்கிளின்னாலே இதுதான். தை மாசி பங்குனியில, பட்டுப்போன பனைமரம், தென்னைமரப் பொந்துல குஞ்சு பொரிக்கும். மரம் ஏறத் தெரிஞ்ச யாராவது கையை விட்டு, இறகு முளைக்காத குஞ்சுகளை அள்ளிக்கிட்டு வருவாங்க. அட்டைப்பெட்டியில போடுவாங்க. பொந்துக்குள்ள மக்கிப்போன மரத்தூள் மேல, கூடப்பிறந்ததுங்களோட ஒட்டி உக்கார்ந்திருந்த குஞ்சு, வழுக்குற அட்டையில கால் பரத்திக்கிட்டுக் கிடக்கும். சாப்பாடு பால்சோறு. சுண்ணாம்புச்சத்து இல்லை, வெயில் இல்லை. எலும்பு பிஞ்சு, மெழுகு மாதிரி. எந்தப் பக்கம் வளைஞ்சதோ அந்தப் பக்கமே இறுகிடும்.

அப்புறம் இறக்கை. வெட்டினா பரவாயில்லை, முளைச்சுடும்னு ஒரு சமாதானம் எல்லார் வாயிலயும் இருக்கு. வெட்டின இறகு அடுத்த தடவை இறகு உதிர்த்து முளைக்கும்போது வரும், உண்மைதான். பிடுங்கினா? ஒரு தடவை பிடுங்கினா வரலாம். திரும்பத் திரும்பப் பிடுங்கினா இறகோட வேர்ப்பையே கெட்டுப்போயிடும், அப்புறம் எந்த ஜென்மத்துலயும் வராது. எங்க கிளிக்கு அதான் நடந்திருக்கு. அது போக நுனி எலும்பும் ஒரு தடவை உடைஞ்சு, கோணலாக் கூடியிருக்குன்னு கால்நடை மருத்துவர் தடவிப் பார்த்துச் சொன்னார். வளர்த்தவங்க அத்தை தெருவுல ரெண்டு வீடு தள்ளி இருந்தாங்க. வேலை மாறி ஊரை விட்டுப் போகும்போது டிவியை ஏத்தினாங்க, கட்டிலை ஏத்தினாங்க, தகர டப்பா மாதிரி ஒரு கூண்டையும் கிளியையும் வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாங்க.

இந்தக் கிளியைத் "திறந்து விடுறது" எங்கே? செய்யாத்துக் கரையிலயா? தரையில தத்தித் தத்திப் போற பறவையைப் பூனை பிடிக்க எத்தனை நிமிஷம் ஆகும்? நீங்க சொல்றது விடுதலை இல்லை சார். கண்ணுக்கு மறைவா நடக்கட்டும்கிற மரணம். ரெண்டாவது ஆளாவது ஊசின்னு நேர்மையாச் சொன்னார்.

கோபப்படாதீங்க. உங்க பக்கம் சட்டமே இருக்கு, நான் மறுக்கலை. 2011ல குஜராத் உயர் நீதிமன்றமும், 2015 மே மாசம் டெல்லி உயர் நீதிமன்றமும் பறவைக்குப் பறக்கிற உரிமை உண்டு, கூண்டுல அடைக்க யாருக்கும் உரிமை இல்லைன்னு சொல்லியிருக்கு. படிச்சப்ப எனக்கும் புல்லரிச்சுது. ஆனா பறக்கிற உரிமையை ஒருத்தன் ஏற்கனவே பிடுங்கித் தின்னுட்டான்னா அதுக்கு அப்புறம் அந்தப் பறவைக்கு என்ன உரிமை? ஏற உரிமை. விழாம உக்கார உரிமை. கால் மாத்தித் தூங்க உரிமை. இதெல்லாம் கேட்கச் சின்னதா இருக்கும். மிச்சம் இருக்கிற இருபது வருஷத்துக்கு (ஆமாம், நல்லாப் பார்த்துக்கிட்டா இது இருபத்தஞ்சு முப்பது வருஷம் கூட வாழும்) அதோட உலகமே அதுதான்.

2024 ஏப்ரல்ல கடலூர்ல நடந்தது ஞாபகம் இருக்கா? நாடாளுமன்றத் தேர்தல் நேரம். வேட்பாளர் தங்கர் பச்சான் பிரச்சாரத்துக்குப் போன இடத்துல ஒரு கிளி ஜோசியர்கிட்ட சீட்டு எடுக்க வச்சார். ஜெயிப்பீங்கன்னு கிளி சொல்லுச்சு. வீடியோ பரவுச்சு. வனத்துறை வந்து ஜோசியரைப் பிடிச்சுட்டுப் போச்சு. உடனே இது அரசியல் பழிவாங்கல், இல்லை இல்லை சட்டம் தன் கடமையைச் செஞ்சுதுன்னு ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சு கும்மி அடிச்சாங்க. நடுவுல அந்தக் கிளியோட இறக்கை என்ன நிலைமையில இருந்துச்சுன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? செய்தியில கிளி ஒரு தமாஷ். அதுக்கு முந்தின வருஷம், 2023ல, சென்னையில ஒரு நடிகர் வீட்டுல ரெண்டு கிளி இருந்ததுக்கு ரெண்டரை லட்சம் அபராதம்னு வந்தப்பவும் அதே கதைதான். கிளிக்கு ரெண்டரை லட்சமான்னு வாயைப் பிளந்தோம், அத்தோட மறந்தோம்.

நாம கிளி மேல பாசமே இல்லாதவங்கன்னும் சொல்ல முடியலை. காஞ்சிபுரத்துல காமாட்சிகிட்ட கிளி, மதுரையில மீனாட்சி கையில கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் கைக்குத் தினமும் இலையிலயும் மாதுளம்பூவுலயும் புதுசாக் கிளி செய்யுறாங்க. திருவண்ணாமலையில கிளிக்குன்னு ஒரு கோபுரமே இருக்கு. இத்தனை கிளியில ஒண்ணாவது கூண்டுக்குள்ள இருக்கா, யோசிச்சுப் பாருங்க. எல்லாம் கையிலயும் தோள்லயும் கோபுரத்து மேலயும்தான். கூண்டு நம்ம வீட்டுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சோ.

சரி, கூண்டு. எனக்கு உண்மையான கோபம் இங்கேதான்.

கடையில தொங்குமே, உருண்டையா, மேலே கோபுரம் மாதிரி குவிஞ்சு, உச்சியில ஒரு வளையம் வச்சு. அதை யோசிச்சவன் ஒரு நாளாவது கிளியைப் பார்த்திருப்பானான்னு சந்தேகம். பார்க்க அழகா இருக்கணும், வராந்தாவுல தொங்கணும், இவ்வளவுதான் அவனுக்குத் தேவை. வாங்குறவன் மனுஷன், குடியிருக்கிறது கிளி. எங்க தொழில்ல இதுக்குக் கெட்ட வார்த்தையில பேர் உண்டு.

கிளிக்கு மூணு கால். ரெண்டு கால், ஒரு அலகு. அலகால கம்பியைக் கவ்வி, காலை எடுத்து வச்சுத்தான் ஏறும். அதுக்குப் படுக்கைக் கம்பி வேணும். உருண்டைக் கூண்டுல எல்லாமே நட்டக் கம்பி, பிடிச்சா சர்ருன்னு கீழே வழுக்கும். உச்சியில கம்பிகள் குவியுற இடத்துல விரல் மாட்டும். மூலையே கிடையாது, பயந்தா ஒதுங்க இடம் இல்லை. நடுவுல ஒரே ஒரு குச்சி, வழவழன்னு, ஒரே கனத்துல. அடியில கம்பித் தட்டு.

கால் நல்லா இருக்கிற கிளிக்கே இது தண்டனை. நல்ல கிளி ஒத்தைக் கால்ல தூங்கும், கவனிச்சிருப்பீங்க. ஒரு காலை வயித்துக்குள்ள இழுத்துக்கும், அப்புறம் மாத்திக்கும். எங்க கிளிக்கு மாத்திக்க இன்னொரு கால் இல்லை. ராவும் பகலும் மொத்த உடம்பும் வலது பாதத்துல. அதுவும் ஒரே கனமான குச்சியில, பாதத்துல ஒரே இடத்துல அழுத்தம். முதல்ல சிவக்கும், அப்புறம் தோல் வழவழன்னு ஆகும், அப்புறம் ஆணி மாதிரிப் புண்ணாகிச் சீழ் வைக்கும். (இந்த ஆணி வேற, இதைப் பிடுங்க முடியாது.) இருக்கிற ஒரு காலும் போச்சுன்னா கதை முடிஞ்சுது. அத்தை வீட்டுக்கு வந்தப்பவே பாதம் சிவந்துதான் இருந்துச்சு.

ஒரு சனிக்கிழமை முழுக்க எதிர்ல உக்கார்ந்து அது என்ன பண்ணுதுன்னு மட்டும் பார்த்தேன். அத்தை "டேய், லீவுக்கு வந்துட்டு கிளிய முறைச்சிக்கினு கீறியே, இன்னா ஆச்சு உனுக்கு?"ன்னு கேட்டாங்க. பார்த்ததுல தெரிஞ்சது இதுதான்: அது கீழே விழுறதுக்குத்தான் பயப்படுது, அடைஞ்சு கிடக்கிறதுக்கு இல்லை. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் விழுந்துச்சு. விழுந்தா நெஞ்செலும்புல அடி. ஆனா பறவைக்கு உயரத்துல இருந்தாத்தான் நிம்மதி, அதனால திரும்ப ஏறும். திரும்ப விழும்.

உத்திரமேரூர் ரோட்டுல ஒரு வெல்டிங் பட்டறை. நீளமா, குட்டையா வேணும்னு படம் போட்டுக் காட்டினேன். "கோழிக்கா சார்?"னார். கிளிக்குன்னதும் ஒரு மாதிரி பார்த்தார். சாதாரண ஜிஐ வலை போட்டா பாதி விலைதான்னார். வேண்டாம்னேன். அந்த முலாம் துத்தநாகம். கிளி சும்மா இருக்காது, நாளெல்லாம் கம்பியைக் கடிக்கும், உள்ளே போனா விஷம். பழைய கூண்டுகளோட பெயிண்ட்டும் அப்படித்தான், ஈயம் இருக்கலாம். அதனால எவர்சில்வர் வலை, அரை அங்குல இடைவெளி, அதுக்கு மேல போனா தலையை விட்டு மாட்டிக்கும்.

உள்ளே குச்சி வேலை கம்மி, திட்டு வேலை அதிகம். மூணு மரத்திட்டு, படிக்கட்டு மாதிரி. எல்லாத்துலயும் உசரமானது தரையிலேர்ந்து எட்டே அங்குலம். ஒரு திட்டுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல சாய்வுப் பலகை, அதுல ரெண்டு விரல் இடைவெளிக்கு ஒரு சின்னச் சட்டம், அலகால கவ்வ. திட்டுல வயித்தைப் பதிச்சுப் படுக்கலாம், காலுக்கு ஓய்வு. ரெண்டு கொய்யாக் கிளை, பட்டையோட, ஒரு இடத்துல தடியா ஒரு இடத்துல ஒல்லியா, அதுவும் தாழ்வா. தண்ணியும் தீனியும் ஒவ்வொரு திட்டுலயும் அகலமான மண் அகல்ல, ஒரு வாய் தண்ணிக்காக அது கூண்டு முழுக்க இழுத்துக்கிட்டுப் போக வேண்டாம். அடியில கம்பித் தட்டு கிடையாது. மெத்து, அதுக்கு மேல தினமும் மாத்துற பேப்பர்.

இந்த மெத்துலதான் நான் கொலைகாரன் ஆகப் பார்த்தேன். மெத்துமெத்துன்னு இருக்கட்டும்னு தேங்காய்ப்பூ துண்டை மடிச்சுப் போட்டுட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டேன். மறுநாள் விடியக்காலை அத்தை போன். துண்டுல இருக்கிற சுருள் நூல்ல நகம் மாட்டி, நல்ல கால் முறுக்கிக்கிட்டு, ராத்திரி எந்நேரத்துலேர்ந்தோ கிளி கிடந்திருக்கு. அத்தை கத்திரிக்கோலால ஒவ்வொரு நூலா வெட்டி எடுத்திருக்காங்க, கையில நாலு கடி. நான் இன்ஜினியரிங் படிச்சவன். அந்த நூலை எனக்குத் தோணலை. அதுக்கப்புறம் மாமாவோட பழைய பருத்தி வேட்டிதான், நாலா மடிச்சு, ஓரம் அடிச்சு, ஒரு பிசிறு இல்லாம.

சாப்பாட்டுல அத்தையோடயே சண்டை. "கிளிக்குப் பாலும் பழமும்னு ஊரே சொல்லுது, நீ இன்னாடா புச்சா சொல்ற?" பால் குடிச்சு வளர்ற கிளி எங்கே இருக்கு அத்தை? அதுக்குப் பால் செரிக்காது. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசலை. இப்ப ஊறவச்ச பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, கேரட், கொய்யா, கொஞ்சம் கம்பு, ஆசைக்கு ஒரு பச்சைமிளகாய். சுண்ணாம்புச்சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில கடல் நுரைன்னு கேட்டா ஒரு வெள்ளை ஓடு தருவாங்க, கணவாய் மீனோடது, அதைக் கம்பியில செருகினா கொறிக்கும். காலை வெயில் திண்ணையிலயே வருது. பூனைக்குப் பயந்து ராத்திரி கூண்டு வீட்டுக்குள்ள. பாதத்துல சிவப்பு இப்ப போயிடுச்சு. விழுறது நின்னு போச்சுன்னு சொல்ல மாட்டேன், விழுந்தா எட்டு அங்குலம், வேட்டி மேல.

நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச் பக்கம் வில்லோபேங்க் காப்பகத்துல புரூஸ்னு ஒரு கியா கிளி. மேல் அலகே கிடையாது. அலகு இல்லாம இறகு கோத முடியாது, கோதலைன்னா பேன் பிடிக்கும், அழுக்கு சேரும். அது என்ன பண்ணுச்சு தெரியுமா? தரையிலேர்ந்து அளவா ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி, நாக்குக்கும் கீழ் அலகுக்கும் நடுவுல வச்சு, அதால இறகைக் கோதிக்கிட்டுச்சு. யாரும் சொல்லித்தரலை. 2021ல விஞ்ஞானிங்க இதை ஆராய்ச்சிக் கட்டுரையாவே போட்டாங்க. நான் கவனிச்சது வேற: புரூஸ் இருந்த இடத்துல தரை இருந்துச்சு, தரையில விதவிதமாக் கல்லு இருந்துச்சு. உருண்டைக் கூண்டுல இருந்திருந்தா அந்த மூளையை வச்சு என்ன பண்ணியிருக்கும்?

இப்ப மூணாவது மச்சி. உனக்குத்தான்.

வச்சுக்க முடியாதுடா. ஊனமா இருந்தாலும் முடியாது. இந்தியப் பறவைகளை விக்கிறது வாங்குறது 1990-91லேயே தடை. 2022ல வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1லேர்ந்து பச்சைக்கிளி நாலாவது அட்டவணையிலேர்ந்து ரெண்டாவதுக்கு ஏறியாச்சு. மூணு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம் கட்டலாம், ரெண்டுமேயும் கிடைக்கலாம். கைக்கு வந்தா 48 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்லயோ வனத்துறையிலயோ சொல்லணும். நாங்க கிளி வந்த மறுநாளே சொல்லிட்டோம். மருத்துவர் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்துக் கொடுத்தோம். எழுதி வாங்கிக்கிட்டு, சொல்லும்போது கொண்டுவந்து ஒப்படைக்கணும், அதுவரைக்கும் பத்திரமாப் பார்த்துக்கங்கன்னாங்க. அவ்வளவுதான் எங்களுக்கும் கிளிக்கும் உள்ள பாத்தியதை.

நீ கேட்ட கேள்வி ஏன் ஆபத்துன்னா, ஊனமுள்ள கிளியை வச்சுக்கலாம்னு ஒரு ஓட்டை கிடைச்சா, நாளைக்கே சந்தையில ஊனமுள்ள கிளிதான் விப்பான். நல்ல கிளியை ஊனமாக்க அவனுக்கு ஒரு நிமிஷம் போதும். இப்ப மட்டும் என்ன வாழுது? மிருகவதைச் சட்டம் 1960ல வந்தது. அசையக்கூட இடம் இல்லாத கூண்டுல அடைச்சா அதுலயும் குற்றம்தான், முதல் தடவைன்னா அபராதம் பத்து ரூபாயிலேர்ந்து ஐம்பது ரூபாய். அந்த எவர்சில்வர் வலையில ஒரு சாண் கூட அதுக்கு வராது.

அப்போ எதுக்கு இவ்வளவு செலவு பண்ணிக் கூண்டு செஞ்சேன்னு கேட்பீங்க, எப்படியும் கொடுக்கத்தானே போறேன்னு. அதனாலதான் ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்சுப் பத்த வைக்கச் சொன்னேன். கிளி போகும்போது கூண்டும் போகும். போற இடத்துல எத்தனை கிளி இருக்குமோ, யாருக்கு நேரம் இருக்குமோ எனக்குத் தெரியாது. ஆனா அங்கே இருக்கிறவர் புதுசா ஒண்ணும் யோசிக்க வேண்டாம். எந்தத் திட்டுல தண்ணி, துண்டு ஏன் கூடாது, எந்தக் கால் எந்தப் பக்கம் சறுக்கும்னு ஒரு முழுப் பக்கம் எழுதி, பாலித்தீன் கவர்ல போட்டுக் கூண்டு மேல கட்டியிருக்கேன். பொட்டி தட்டுற புத்தி, டாக்குமெண்ட் எழுதாம ஒப்படைக்க மனசு வராது :-)

முந்தாநாள் போன் வந்துச்சு. அடுத்த வியாழக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. அத்தைகிட்ட சொன்னேன். அவங்க அதுக்கு அஞ்சலைன்னு பேர் வச்சிருக்காங்க, இது வரைக்கும் நான் எங்கேயும் எழுதலை, ஏன்னா பேர் வைக்காதீங்கன்னு முதல் நாளே சொன்னது நான்தான். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் மாமாவோட இன்னொரு வேட்டியை எடுத்து நாலாக் கிழிக்க ஆரம்பிச்சாங்க. மாத்துறதுக்கு ஒரு செட்டு போதாதாம், அங்கே யார் தினமும் துவைப்பாங்கன்னு கேட்டாங்க.